சூடேறிய புல் பாய்

மாசி 1, வியாழன்

காலையில் பனி. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. முதலில் அசிங்கத்தை எழுதிவிடுகிறேன், மற்றது அப்புறம். இன்று நான் புல்லுக்குப் பயந்து ஓடினேன். செருப்பை விட்டுவிட்டு.

நடந்தது இது. சாத்தூர் ரோட்டில் முதலாளி கட்டியிருக்கிற புது வீட்டுக்கு வாட்ச்மேனும் நான்தான், தோட்டக்காரனும் நான்தான். வத்தல் வியாபாரத்தில் எழுந்த வீடு. முன்னால் லான் போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் புல் வந்தது. புல் என்றால் கட்டுப் புல் இல்லை. மண்ணும் வேருமாகப் பாய் பாயாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி. கீழே விரித்துத் தண்ணீர் விட்டால் தரை தயார். கூடவே நித்யா என்று ஒரு சூப்பர்வைசர் பெண். சின்ன வயசு, பெரிய தொப்பி, சிரிப்பு கிடையாது.

இறக்குவதற்கு எங்கள் தெருப் பெண்கள், பேச்சியம்மாள் தலைமையில். எல்லாரும் வெடிக் கம்பெனி ஆட்கள். இப்போது சீசன் இல்லாததால் கிடைத்த வேலை.

ஒரு பாயை உருவலாம் என்று அடுக்கின் நடுவில் கையை விட்டேன். உள்ளே சூடு. வெயில் சூடு இல்லை. உள்ளிருந்து வருகிற சூடு.

அச்சங்குளம் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் பாதி ஆயுளை மருந்து கலக்கும் அறையில் கழித்தவன் நான். கலந்து வைத்த குவியல் ஈரம் பட்டு உள்ளே கொதிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று என் கைக்குத் தெரியும். தலையைக் கேட்டுக்கொண்டா கை இழுக்கும்?

"சூடுலே! ஓடுங்க!"

கத்தியது நான்தான் என்பது ரோட்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. எங்கள் ஆட்களிடம் ஓடு என்றால் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தலையில் இருந்ததைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் ஓட்டம். கருவேல மரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தால், லாரிப் பக்கத்தில் நித்யாவும் டிரைவரும் மட்டும். வாயைத் திறந்தபடி.

நித்யா அங்கிருந்தே கேட்டது: "ஏனுங்கண்ணா, பாம்புங்களா?"

பேச்சிதான் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "மாமா, நெசமாக் கேக்கேன். புல்லு வெடிக்குமா?"

அப்புறம் ஒரே சிரிப்பு. பேச்சி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் கொஞ்ச நேரம் எழவில்லை. முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். சிரிப்புதான் என்று எல்லாரும் வைத்துக்கொண்டோம். அவளுடைய அக்காவுக்கு மருந்து அறையில் நடந்தது தெருவுக்கே தெரியும். இங்கே எழுதவில்லை.

அடுக்கி வைத்த புல் மூச்சு விடும், அதில் சூடேறும், சீக்கிரம் பிரித்து விரிக்காவிட்டால் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும் என்று நித்யா விளக்கியது. விளக்கிய பிறகும் யாரும் உடனே கிட்டப் போகவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள். டீயை அவ்வளவு மெதுவாகக் குடித்து நான் பார்த்ததில்லை. அதுவரை புல் வெயிலில்.

பிறகு நித்யா ஒவ்வொரு பாயாகச் சோதித்தது. மேலே இருப்பதைத் தொடவே இல்லை. "மேல இருக்கறது எப்பவும் அழகாத்தானுங்க இருக்கும். நடுவுல எடுங்க." இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கும், கிழியக் கூடாது. திருப்பிப் போடும், வேர் சேமியா மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும். மண்ணைக் கிள்ளும், விரலில் ஒட்ட வேண்டும். ஒரு இலையைப் பிடித்து இழுக்கும், எதிர்த்து நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு கையோடு வந்தால் அழுகல். கடைசியில் மோந்து பார்க்கும். மழை மண் வாசம் என்றால் சரி. பழைய கஞ்சி மாதிரி புளிப்பு என்றால் ஓரமாக.

நான்: "பொண்ணு பாக்க வந்த மாமியா கூட இம்புட்டு மோந்து பாக்க மாட்டாகம்மா."

சிரிக்கவில்லை. "ஓரமாப் போடுங்ணா."

ஓரத்தில் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. எல்லாம் நடு அடுக்கு. நான் ஓடியதாலா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லும் என்று எதிர்பார்த்தேன். "பாதி உங்களால, பாதி லாரியாலங்க" என்றது. நல்ல பெண். பொய் சொல்லத் தெரியவில்லை.

கழித்துப் போட்டதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எதற்கு என்றது. பேத்தி வருகிறாள் என்றேன்.

"பொழைக்கறது கஷ்டமுங்க."

"யாரு, நானா புல்லா?"

அதற்கும் சிரிக்கவில்லை. எடுத்துக்கொள்ளச் சொன்னது. டிவிஎஸ் வண்டியில் பல நடை. இப்போது வீட்டுக்குள் நனைந்த சாக்கு போர்த்திப் படுத்திருக்கிறது. அடுக்கவில்லை. தனித்தனியாக.

சாயங்காலம் என் வீட்டுக்காரி தங்கத்துக்குப் போன் போட்டேன். (இனிமேல் த. என்று எழுதப் போகிறேன். முழுப் பேரையும் எழுதக் கை வலிக்கிறது.) ஓடிய கதையைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். "பிள்ள இப்பத்தான் கண்ண மூடுச்சு, வைங்க" என்றாள். வைத்தேன்.

அதனால்தான் டைரி. புத்தாண்டுக்கு வந்தது, சிவகாசியில் அடித்தது. தாள் நல்ல தாள். யாரிடமாவது சொல்ல வேண்டுமே.

மாசி 2, வெள்ளி

வெயில். வாசலில் புல் போட்டாயிற்று.

காரணம் எழுதி வைக்கிறேன். த. திருப்பூரில் இருக்கிறாள், மகள் கவிதா வீட்டில். பேத்தி பிறந்தபோது போனவள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். அப்புறம் பிள்ளைக்குத் தடுப்பூசி. அப்புறம் பல். அப்புறம் கவிதா பனியன் கம்பெனிக்குத் திரும்பப் போக ஆரம்பித்தாள், பிள்ளையை யார் பார்ப்பது. எல்லாம் நியாயமான காரணம்தான். நியாயமில்லாமல் ஒன்றாவது இருந்தால் சண்டையாவது போடலாம்.

இந்தச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட மாப்பிள்ளையோடு எல்லாரும் வருகிறார்கள். சாமிக்காக வருகிறாள், எனக்காக இல்லை, அது தெரியும். ஆனால் சாமி கோயில் போகிற வழியில்தானே வீடு.

பேத்தி இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். எங்கள் வாசல் சரளை மண். விழுந்தால் முட்டி போய்விடும். போன தடவை த. சொன்னாள்: "அந்தக் கல்லுக்காட்டுல பிள்ளைய எங்கன விடுறது?" அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "ஆமா, திருப்பூருல தரையெல்லாம் பஞ்சு மெத்தை."

போனை வைத்துவிட்டாள்.

சரி. புல்லுக்கு வருகிறேன். நித்யா செய்த மாதிரியே ஒவ்வொன்றாகத் தூக்கி, திருப்பி, கிள்ளி, இழுத்து, மோந்து. மூன்று வகை:

பிழைக்கும் - கொஞ்சம்.
பிழைக்கலாம் - நிறைய.
செத்தது - பின்பக்கம் வேலி ஓரம்.

ஒரு பாய் மேலே முழு மஞ்சள். தூக்கிப் போடப் போனேன். திருப்பினால் கீழே ஒரு ஓரத்தில் வெள்ளை வேர், பச்சைப் பிள்ளை நகம் மாதிரி. அதைப் 'பிழைக்கலாம்' பக்கம் வைத்தேன். மறுபடி எடுத்து மோந்தேன். கொஞ்சம் புளிப்பு. கொஞ்சம்தான். வைத்துவிட்டேன்.

கீழ் மண்ணை நன்றாகக் கொத்தி இளக்க வேண்டும் என்று நித்யா சொல்லியிருந்தது. கொத்தினேன். வாசல் படி கிட்ட மட்டும் கடப்பாரையே இறங்கவில்லை, இடுப்பும் போதும் என்றது. அங்கே சும்மா கீறிவிட்டு அந்த மஞ்சள் பாயைப் போட்டேன். செங்கல் கட்டுகிற மாதிரி இணைப்பு மாற்றி மாற்றி. மிதித்து அமுக்கி, தண்ணீர்.

தெருவே வேடிக்கை பார்த்தது.

பேச்சி: "மாமா, அடுத்து என்ன, நீச்சல் குளமா?"

"ஆமா. ஒனக்குத்தான் டிக்கெட் கிழிக்கிற வேல."

"எதுக்கும் பாத்து நில்லுங்க மாமா. சூடு ஏறிரப் போகுது. ஓட எடம் இல்ல பாருங்க, எதுத்தாப்புல சாக்கடை."

இது சாகும்வரை போகாது.

மாசி 3, சனி

குழாயில் தண்ணீர் வரவில்லை. நேற்றும் வரவில்லை. குடத்தில் இருப்பது குடிக்க. புல்லுக்கு: அரிசி கழுவிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர். படியில் உட்கார்ந்து பெரிய சட்டிக்குள் காலை வைத்துக் குளித்தேன், ஒரு சொட்டு வீணாகாமல். சோப்புப் போடவில்லை, புல்லுக்கு ஆகாது. பேச்சியின் மாமியார் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

முதலாளி வீட்டுப் புல்லுக்கு போர் தண்ணீர், தெளிக்கிற சக்கரம். அது சுற்றுகிற சத்தம் நன்றாக இருக்கிறது. மொத்த வீட்டிலும் நானும் அதுவும்தான். அது ஒரு சுற்று வந்தால் என் மேல் தெளிக்கும். திட்டினேன். மறுபடி தெளித்தது. மதியம் முழுக்க அப்படியே போனது.

ராத்திரிச் சாப்பாடு: பொரித்த பரோட்டா. ஒரு ஆளுக்கு உலை வைக்க மனசு வரவில்லை. கடையில் "ஒரு ஆளா?" என்று கேட்கிறான் ஒவ்வொரு தடவையும். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, "தெரியல, ஒருத்தர்தான் போல" என்றேன். சிரித்தான். அவனாவது சிரித்தான்.

மாசி 6, செவ்வாய்

வெயில் கூடிவிட்டது. இரண்டு நாள் எழுதவில்லை, எழுத ஒன்றும் இல்லை.

புல்: நடுவில் இருப்பது பச்சை. ஓரம் லேசாகச் சாம்பல் நிறம். சாம்பல் நிறம் வந்தால் தாகம் என்று நித்யா சொன்னது. கால் வைத்தால் கால் தடம் அப்படியே நிற்கும், புல் நிமிராது, அதுவும் தாகம். வைத்துப் பார்த்தேன். தடம் நின்றது. என் குடிதண்ணீரில் ஒரு சொம்பு.

படி கிட்ட மஞ்சள் பாய் அப்படியே மஞ்சள். செத்ததா தூங்குகிறதா தெரியவில்லை. மூலையைத் தூக்கி வேர் பிடித்ததா என்று பார்க்கக் கை அரிக்கிறது. சும்மா சும்மா தூக்கினால் பிடிக்கிறதும் பிடிக்காது என்று சொல்லியிருக்கிறது. தூக்கவில்லை.

சாயங்காலம் த. அவளே போன். பின்னால் பெண்கள் பேச்சு, சிரிப்பு. யாரென்று கேட்டேன். பக்கத்து வீடுகளாம், உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டுகிறார்களாம். இவளும் வெட்டுகிறாளாம். கத்தரி பிடித்துப் பிடித்து விரலில் தழும்பு என்றாள், பெருமையாகத்தான் சொன்னாள். இங்கே அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்தது எப்போது?

"என்ன பேச்சக் காணோம்?"

"நீ அங்கன கம்பெனி மொதலாளி ஆயிட்டியோன்னு யோசிக்கேன்."

"எப்பப் பாரு நக்கல். ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, மனுசன் மாதிரி நேரா ஒரு பேச்சு பேசுதீகளா?"

நான் அப்போதுதான் புல் போட்டிருப்பதைச் சொல்லியிருக்க வேண்டும். வந்து பார்க்கட்டும் என்று விட்டேன். ஓடிய கதையையும் சொல்லவில்லை. "சரி" என்றேன். "சரி" என்றாள்.

மாசி 9, வெள்ளி

கவிதா போன். அவள் வீட்டுக்காரருக்கு அவசர ஆர்டராம், லீவு இல்லையாம், யாருமே வருவது சந்தேகம். "பாப்போம்ப்பா" என்றாள். "பாப்போம்" என்றால் இல்லை என்று அர்த்தம். அவள் சின்ன வயசில் நான் அவளுக்குச் சொன்ன பாப்போம்தான் அது. திரும்பி வந்திருக்கிறது.

"பரவாயில்லம்மா, சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன், திருப்பூருல லோடு ஏத்துறாங்கன்னு" என்றேன்.

வேலைக்குப் போனேன். சக்கரம் தெளித்தது, திட்டவில்லை.

வந்து புல்லுக்குத் தண்ணீர் விடவில்லை. யாருக்கு. படுத்தேன். அப்புறம் எழுந்து விட்டேன். அது என்ன பாவம் செய்தது. ஏற்கெனவே ஒருதரம் என்னால் வெந்தது.

அதனிடம் கொஞ்ச நேரம் பேசினேன். நேராகப் பேசிப் பழகலாம் என்று. "இங்கனயே இரு தங்கம்." அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இதற்கு என்ன படிப்பு வேண்டும்? முதல் தடவை சொல்லி முடிக்கும் முன்னால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. மூன்றாம் தடவை பேச்சி வந்துவிட்டாள்.

"யார்ட்ட மாமா பேசுதீக?"

"புல்லுட்ட."

"என்ன சொல்லுது?"

"ஒன் மாமியாருக்குக் கண்ணு நல்லாத் தெரியுதான்னு கேக்குது. குளிக்கும்போது பாத்துட்டாகளாம்."

போய்விட்டாள். கொஞ்சம் கழித்து ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து, படியில் வைத்துவிட்டுப் போனாள். புல்லை மிதிக்காமல் சுற்றிப் போனாள். பார்த்தேன்.

மாசி 11, ஞாயிறு

வந்துவிட்டார்கள்! மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிள்ளை என்னைப் பார்த்து அழுதது. மீசையாம். மீசை பிறந்ததிலிருந்து இருக்கிறது என்றேன்.

த. இளைத்திருக்கிறாள், கறுக்கவில்லை. நடை வேகமாகிவிட்டது.

வாசலில் நின்றாள். புல்லைப் பார்த்தாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"இது யாரு செஞ்சது?"

"தானா மொளச்சது."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்தது அது. பேச்சிதான் எதிர் வீட்டிலிருந்து போட்டு உடைத்தாள். புல் வந்தது, நான் ஓடியது, குளித்த தண்ணீர், ஒன்று விடவில்லை. "காலச் சட்டிக்குள்ள வச்சுக்கிட்டுக் குளிக்காக அத்தை!" த. சிரித்தாள். சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. நான் நினைத்த அதே சிரிப்பு. பேச்சி சொல்லி வந்தது. பரவாயில்லை.

பிள்ளையைப் புல்லில் இறக்கிவிட்டாள் கவிதா. புல் காலில் பட்டதும் பிள்ளை இரண்டு காலையும் மடக்கித் தூக்கிக்கொண்டது. மறுபடி இறக்கினால் மறுபடி தூக்கியது. வீல் என்று கத்தல். இறக்கி விட விட, காலைத் தரையில் வைக்கவே இல்லை. அம்மாவின் கழுத்தில் ஏறிவிட்டது.

த. சொன்னாள்: "தாத்தன் பேத்திதான். புல்லக் கண்டா ஓட்டம்."

கடைசியில் பிள்ளை வீட்டுக்குள் சிமெண்ட் தரையில்தான் நின்றது, என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு. புல் சும்மா கிடந்தது. சாயங்காலம் யாரும் பார்க்காத நேரம் த. போய் அதன் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கொஞ்ச நேரம். நான் சன்னலில் இருந்து பார்த்தேன், போகவில்லை. போயிருக்கலாம்.

மாசி 13, செவ்வாய்

நேற்று குலசாமி கும்பிட்டாயிற்று. கூட்டம், புழுதி. எல்லாருக்கும் தூக்கக் கண். பிள்ளைக்குச் சளி.

வீட்டில் இருக்கும் சத்தங்கள், மறக்காமல் இருக்க: கவிதா பல் தேய்ப்பது. பிள்ளை தட்டைப் போடுவது. த. என் அடுப்படியைப் பார்த்து முணுமுணுப்பது ("இது என்ன, இதுல எதுக்கு சீனி, உப்பு எங்க?"). மூன்று டம்ளர் ஒன்றாகக் கழுவுகிற சத்தம்.

நாளைக் காலை கிளம்புகிறார்கள். கவிதாவுக்கு லீவு அவ்வளவுதான். த. "நானும்" என்று தனியாகச் சொல்லவில்லை. அவளுடைய சேலையும் பைக்குள் போனது, அதுதான் பதில்.

படுக்கும்போது கேட்டாள், "ஏதாச்சும் சொல்லணுமா?" விளக்கு அணைந்திருந்தது. சொல்லியிருக்கலாம். முகம் கூடத் தெரியாது. "கொசுவத்தி மாத்தணும்" என்றேன்.

நாளைக்கு ஆட்டோ வரும்போது சொல்லிவிடுவது. வாசலில் நின்று, நேராக, நக்கல் இல்லாமல்.

மாசி 14, புதன்

காலையில் மேகம். மழை இல்லை.

வெள்ளை வேட்டி கட்டினேன், இருப்பதில் நல்லது. விடியும் முன் புல்லுக்குத் தண்ணீர் விட்டிருந்தேன், வழக்கம் போல. ஆட்டோ வந்தது. கவிதாவும் பிள்ளையும் ஏறியாயிற்று. த. பையை எடுத்துக்கொண்டு புல் ஓரம் நின்று என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

படியிலிருந்து இறங்கினேன். "இங்கன" என்று ஆரம்பித்தேன்.

வலது கால் படி கிட்ட இருந்த மஞ்சள் பாய் மேல். பாய் நகர்ந்தது. அடியில் மண் கொத்தாத இடம். நானும் பாயும் சேர்ந்து சாக்கடை ஓரம் வரை போனோம். பாய் அங்கே நின்றுவிட்டது. நான் உட்கார்ந்த நிலையில் இருந்தேன்.

ஆட்டோவுக்குள் பிள்ளை கை தட்டியது. என்னைப் பார்த்து அது சிரித்தது இது முதல் தடவை.

த. ஓடி வந்து கையைப் பிடித்துத் தூக்கினாள். "அடி பட்டுருச்சா?"

"இல்ல."

"என்னமோ சொல்ல வந்தீகளே. இங்கனன்னு?"

"இங்கன வழுக்கும். பாத்து வா."

கொஞ்ச நேரம் கையை விடவில்லை. அப்புறம் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

பாயை இழுத்து வந்து திருப்பிப் பார்த்தேன். வெள்ளை வேர் அந்த ஓரத்தில் மட்டும், அன்றைக்கு இருந்த அளவே. மோந்தேன். புளிப்பு இல்லை. கீழே மண்ணைக் கொத்தி மறுபடி போட்டேன். இடது இடுப்பு வீக்கம். வேட்டியில் பச்சைக் கறை. துவைத்தால் போகாது என்கிறாள் பேச்சி.